தங்கத்துக்குப் பக்கத்து வீடு

நெய்வேலி,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வல்லி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலி இறங்கியதா, நீ சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா என்பதை முதலில் எழுது.

போனில் பேசினால் நீ மட்டும் பேசவேண்டியிருக்கிறது, வாட்ஸ்அப்பில் நான் நாலு வார்த்தை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்கிறேன், அதனால் பழையபடி கடிதம் போடு என்று கட்டளையிட்டுவிட்டாய். தபால் நிலையத்தில் துண்டுச் சீட்டில் 'இன்லேண்ட் லெட்டர்' என்று எழுதி நீட்டினேன். அந்தப் பெண் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து வாங்கியிருக்கிறேன்.

தொண்டை ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. குரல்நாணில் வளர்ந்த முடிச்சை இரண்டாவது முறையாக எடுத்திருக்கிறார்கள். போன வருடம் எடுத்த பத்தாம் நாளே நான் வகுப்பில் கத்தியதால்தான் திரும்ப வந்ததாம். இந்த முறை டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஒரு சொல்லும் கூடாது, கிசுகிசுப்பது இன்னும் கெடுதல். மூன்று மாதமாவது ஆகும், நான்கும் ஆகலாம். அதன்பின் வகுப்பு எடுக்கும் அளவுக்குக் குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். "பார்க்கலாம்" என்றார். நான் இருபத்து நாலு வருடமாக ஆசிரியை. பதில் தெரியாதவர்கள் எந்தத் தொனியில் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

விடுப்பெல்லாம் போன வருடமே தீர்ந்தது. தலைமையாசிரியை, பிளஸ் ஒன் வேதியியல் வகுப்பு காலாண்டுத் தேர்வு வரை என்னிடமே இருக்கட்டும் என்றார். பிள்ளைகள் தேறாவிட்டால் வகுப்பு வேறொருவருக்குப் போகும். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதவேண்டியதுதான். அதை அவர் கொடுமையாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
புஷ்பவல்லி


கோவில்பட்டி,
14 ஜூலை 2025

அன்புத் தங்கை வல்லிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அத்தானுக்கு முழங்கால் தேவலை. தேங்காய் எண்ணெயில் ஏதோ காய்ச்சித் தடவிவிட்டு, தானே வைத்தியர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாத்திரை போடுகிறேன், நம்பு.

ஏட்டி, நீ வாய் திறந்தாலும் அளந்துதானே பேசுவாய்! ஊருக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகளை வாய் பேசாமல் எப்படிக் கட்டி மேய்ப்பாய்? மாப்பிள்ளை சிவக்குமார் இரவு ஷிப்ட் போய்விட்டால் வீட்டில் துணைக்கு யார்? எல்லாவற்றையும் எழுது. ஒரு பக்கம் எழுதி மடிக்காதே, ஓரத்திலும் இடம் இருக்கிறது, நான் எழுதியிருப்பதைப் பார்.

பொன்னம்மாள்


நெய்வேலி,
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

முதல் இரண்டு வாரம் கரும்பலகையில் எழுதியே ஓட்டினேன். நான் திரும்பினால் அவர்கள் பேசுகிறார்கள். என்னால் அதட்ட முடியாது. பிறகு, பின்னால் வரவேண்டிய பாடம் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டேன். மூலக்கூறுகளின் வடிவம். அதற்குப் பலூன் போதும், பேச்சு வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு அணுவைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளும். முடிந்தவரை விலகி நிற்கும். நான்கு பலூன்களை ஒரே முடிச்சில் கட்டினால் அவையே அப்படி விலகிக்கொள்ளும், யாரும் அடுக்கவேண்டாம். மீத்தேன் ஒழுங்காகப் போயிற்று. அமோனியாவில் மாட்டிக்கொண்டேன். மூன்று பலூனில் ஹைட்ரஜன் என்று எழுதியிருந்தேன். நான்காவது வெறும் பலூன். அது பிணைப்பில் சேராத ஜோடி. இடத்தை அடைக்கும், மற்ற மூன்றையும் நெருக்கித் தள்ளும். ஆனால் வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அதை எண்ணமாட்டோம். "இருக்குதுன்னா ஏன் மிஸ் எண்ணக்கூடாது?" என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள். நான் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆய்வக உதவியாளர் செல்லக்கிளி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை உதறிவிட்டு அவள் சொன்னாள்:

"அது என்ன மாதிரின்னு வச்சிக்கயேன். காலையில ஏழு மணிக்கு வந்து இந்த லேப்ப நான்தான் தொறக்கறேன். நான் நின்னுகினு இருக்கற எடத்துல வேற யாரும் நிக்க முடியுமா? முடியாது. ஆனா பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர எடுத்துப் பாரு, என் பேரு இருக்காது. காண்ட்ராக்ட்டு."

வகுப்பு சிரித்தது. கிருஷ்ணப்ரியாவுக்கு விளங்கிவிட்டது. செல்லக்கிளி என் பக்கம் திரும்பி, "தப்பா எதுனா சொல்லிட்டனா டீச்சர்?" என்று கேட்டாள். கரும்பலகையில் 'சரி' என்று எழுதினேன்.

அவள் என் பழைய மாணவி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் வீடு. பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள். ஒன்பது வருடமாக இங்கே ஒப்பந்த வேலை.

இடம் தீர்ந்தது. அத்தானுக்கு வணக்கம்.

வல்லி


கோவில்பட்டி,
4 ஆகஸ்ட் 2025

அன்பு வல்லிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். வெறும் பலூனைப் பற்றிச் சொன்னதும், ஓய்வு பெற்ற ஆளும் அதே கணக்குதான் என்றார். மூன்று நாளாக எதற்கெடுத்தாலும், "நான் எண்ணிக்கையில் வராத ஜோடி" என்கிறார். எல்லாம் உன்னால்தான்.

அந்தச் செல்லக்கிளியை எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்படி விளங்கிக்கொள்ளத் தெரிந்தவள் பிளஸ் டூவோடு ஏன் நின்றாள்? வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்களா?

கஞ்சி குடி. தொண்டைக்கு நல்லது.

அக்கா


நெய்வேலி,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதித்ததற்கு வேலைதான் காரணம்.

இப்போது ஓர் ஏற்பாட்டில் வண்டி ஓடுகிறது. மறுநாள் பாடத்தை நோட்டில் எழுதிச் செல்லக்கிளியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் பஸ்ஸில் படித்துக்கொண்டு வருகிறாள். வகுப்பில் நான் எழுதுவேன், அவள் சொல்வாள். புரியாத இடத்தில் தன் பேச்சில் சொல்வாள். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் டஸ்டரோடு நிற்பேன். தப்பு வந்தால் டஸ்டரால் பெஞ்சில் தட்டவேண்டும் என்பது அவள் வைத்த விதி.

போன செவ்வாய்க்கிழமை தட்டவேண்டி வந்தது. தனிம அட்டவணையில் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக அணுவின் அளவு என்ன ஆகும் என்பது பாடம். அவள் நோட்டைப் பார்க்காமலே ஆரம்பித்துவிட்டாள். சுரங்கக் கம்பெனி கொடுக்கும் டைப் ஒன் குவார்ட்டர்ஸ் சின்னது, அடுத்த டைப் அதைவிடப் பெரிது, ஆள் பெரிய ஆள் ஆக ஆக வீடும் பெரிதாகும், எலெக்ட்ரான் கூடக் கூட அணுவும் அப்படித்தான் என்றாள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள், அதில் அவர்களுக்கு என்ன சந்தேகம்! உண்மை நேர் எதிர். நான் தட்டினேன். அவர்கள் ஆமாம் போட்ட சந்தடியில் அவளுக்குக் கேட்கவில்லை. நடந்துபோய் 'சுருங்கும்' என்று பலகையில் எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு வகுப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"பசங்களா, தப்பு பண்ணிட்டேன். நான் உங்க வூட்டுக் கணக்கப் போட்டுட்டேன். எங்க வூட்டுக் கணக்கு போடணும். எங்க வூட்ல எட்டு பேரு. ஆளு கூடுச்சின்னு யாரும் புது ரூம் கட்டித் தரல, அதே ஒரு ரூம்தான். ஆனா ஆளு கூடக் கூட நடுவுல இருக்கற பொம்பளைக்கும் பலம் கூடிக்கினே போவும். கைய நீட்டாத, கால நீட்டாதன்னு எல்லாரையும் உள்ள இழுத்துப் புடிச்சிடுவா. அதான் சுருங்குது."

உட்கரு, அதன் மின்சுமை, ஒரே கூட்டில் சேரும் எலெக்ட்ரான் எல்லாம் அதில் வந்துவிட்டன. இருபத்து நாலு வருடத்தில் இதைவிடச் சரியாக நான் சொன்னதில்லை.

ஆனால் யாரோ ஒரு அப்பா, லேப் ஆயா பாடம் நடத்துகிறாளா என்று தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலாண்டு வரை என்று எனக்குச் சொன்ன கெடு இப்போது அவளுக்கும் சேர்த்துத்தான். மதிப்பெண் குறைந்தால் ஒப்பந்தக்காரர் அவளை வேறு இடத்துக்குப் பெருக்க அனுப்பிவிடுவார். வேண்டாம் என்றால் விட்டுவிடு என்று எழுதிக் காட்டினேன். "பெருக்கறதுக்கு எங்கயும் பெருக்கலாம் டீச்சர்" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாத்திரை மறக்காதே.

வல்லி


கோவில்பட்டி,
1 செப்டம்பர் 2025

அன்பு வல்லிக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது. இங்கே மழை இல்லை, தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது.

அவளிடம் என் அன்பைச் சொல், எழுதிக் காட்டு. போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போல.

அக்கா


நெய்வேலி,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் பழையபடி. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். ஆறி வருகிறதாம். இன்னும் பேச அனுமதி இல்லை.

காலாண்டு பதினெட்டாம் தேதி தொடங்குகிறது. கடைசிப் பாடம், அயனியாக்கும் ஆற்றல். ஒரு அணுவிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற கணக்கு. வரிசையில் வலப்பக்கம் போகப் போக அந்தக் கோடு பொதுவாக ஏறும். நைட்ரஜனைத் தாண்டி ஆக்சிஜன் வந்ததும் சறுக்கும். விஷ்ணு என்ற பையன், ஏன் அங்கே மட்டும் இறங்குகிறது என்று கேட்டான். வருடா வருடம் யாராவது கேட்பார்கள் என்பதால் பதிலை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

செல்லக்கிளி பக்கத்தைத் திருப்பி வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி வாசித்ததும் நின்றாள். அப்புறம் அதையே தனக்குள் ஒருமுறை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"மூணு ரூம் இருக்குது. நைட்ரஜன்ல மூணு பேரு, ஆளுக்கு ஒரு ரூம், நிம்மதி. ஆக்சிஜன்ல நாலாவதா ஒருத்தன் வரான். அவனுக்குத் தனி ரூம் கெடையாது, யார்கூடயாவது போயி ஒண்டணும். ஒண்டிக்கினு இருக்கறவனக் கெளப்பறதுதான் சுலுவு."

வகுப்பு எழுதிக்கொண்டது. மணி அடித்தது. அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அத்தானின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று?

வல்லி


கோவில்பட்டி,
22 செப்டம்பர் 2025

வல்லி,

நாங்கள் நலம். அத்தானுக்குப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் ஏன் படிப்பை விட்டாள் என்று கேட்டேன், திரும்பவும் நினைவுபடுத்தினேன். நீ பலூன், தபால் நிலையம் எல்லாம் எழுதுவாய், அதை மட்டும் எழுதமாட்டேன் என்கிறாய். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடுமுறைக்கு இங்கே வந்து, வகுப்பில் ஒரு பெண்ணை ஏதோ சொல்லிவிட்டேன் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாய். என்ன சொன்னாய் என்று அன்றைக்கும் சொல்லவில்லை.

அவள்தானா?

அக்கா


நெய்வேலி,
18 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி வாழ்த்து. கடிதம் தாமதம், தெரியும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் நல்ல செய்தி. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்து நான்கு பேர் தேறிவிட்டார்கள். போன வருடக் காலாண்டில், எனக்குக் குரல் இருந்தபோது, இருபத்தொன்பது. அணு சுருங்கும் கேள்வியை ஒரே ஒருவன்தான் தப்பாக எழுதியிருந்தான், அவன் அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்படியே போகட்டும்" என்றார். செல்லக்கிளியும் இருக்கிறாள்.

ஆமாம், அவள்தான்.

2002. பிளஸ் ஒன் வகுப்பு. விஷ்ணு கேட்ட அதே கேள்வியை அவள் எழுந்து நின்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு நான். அந்தக் கோட்டை எத்தனையோ தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஏன் இறங்குகிறது என்பதற்குப் புத்தகத்தில் இருந்த வரியையும் ஒருகாலத்தில் மனப்பாடம் செய்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அவள் மறுபடி கேட்டாள். "உனக்கு அதெல்லாம் ஏறாது, பாஸ் பண்ற வழியைப் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பிளஸ் டூ முடியும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேதியியலில் ஏழு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. திரும்ப எழுதவில்லை.

குவார்ட்டர்ஸ் பிள்ளை ஒருத்தி கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கமாட்டேன்.

அன்று மாலையே புத்தகத்தைப் புரட்டிப் பதிலைத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வருடா வருடம் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அவள் கழுவி வைத்த சோதனைக் குழாயில்தான் நான் பாடம் நடத்துகிறேன். ஒரு நாளும் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இந்த வருடம் அவள் வாயைக் கடன் வாங்கித்தான் என் வேலை நிலைத்து நிற்கிறது.

நன்றி என்று நோட்டில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மறுநாள் பாடத்துக்குக் கீழே அந்தச் சொல் ஒரு மாதிரியாக இருந்தது. அடித்துவிட்டேன்.

வல்லி


கோவில்பட்டி,
27 அக்டோபர் 2025

என் வல்லிக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டவில்லை.

எழுதிக் காட்டாதே. அன்றைக்கு வாயால்தானே சொன்னாய். குரல் வரட்டும், வாயாலேயே சொல்.

அக்கா


நெய்வேலி,
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சொல்லும் அத்தானின் கண்ணும் நன்றாக இருக்கட்டும். எனக்கு நலம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, உண்மையாகவே நலம்.

திங்கட்கிழமை டாக்டர் அனுமதி கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், மெதுவாக. வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரரிடம், முதல் ஐந்து நிமிடம் உங்களுக்கு இல்லை, கோபமா என்று எழுதிக் காட்டினேன். "நாலு மாசம் பொறுத்தாச்சு, ஒரு நாள் பொறுக்கமாட்டேனா" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. இந்த மனிதருக்கும் நான் நன்றி சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பள்ளி விட்டபின் ஆய்வகத்துக்குப் போனேன். செல்லக்கிளி குழாயடியில் நின்று பியூரெட் கழுவிக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "செல்லக்கிளி" என்றேன். குரல் தகர டப்பாவில் கல் உருட்டியது போல இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். ஐந்து என்று விரல் காட்டினேன். பிறகு ஆரம்பித்தேன். "அன்னைக்கு வகுப்புல, நீ கேட்டப்போ..." அதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அதுக்குப் போயி ஏன் டீச்சர் செலவு பண்றீங்க? அந்தக் கேள்விக்குத்தான் பதில் வந்துடிச்சே, நானே படிச்சனே. அன்னிக்கு நான் ரெண்டு கேள்வி வச்சிருந்தேன். மொதக் கேள்விக்கே அப்பிடி ஆயிப்போச்சி, ரெண்டாவதக் கேக்கல. அதச் சொல்லுங்க."

கேள் என்று தலையாட்டினேன். அவள் சுவரில் தொங்கும் தனிம அட்டவணைக்குப் போய், ஈர விரலை எண்பதாவது கட்டத்தில் வைத்தாள். பாதரசம். அதற்கு இடப்பக்கத்துக் கட்டம் தங்கம்.

"பக்கத்து வூடு தங்கம். கெட்டியா கெடக்கு. ஒரு எலெக்ட்ரான்தான் கூட. இது மட்டும் ஏன் தண்ணியாட்டம் ஓடுது?"

அக்கா, பிளஸ் ஒன் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் எம்.எஸ்ஸி.யில் படித்ததிலும் இல்லை. எங்கோ ஒரு கட்டுரையில் தலைப்பு மட்டும் பார்த்த ஞாபகம். ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள்.

"எனக்குத் தெரியல, செல்லக்கிளி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, அந்த மொதக் கேள்விக்கும் அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

குரல் இருந்தும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அட போங்க டீச்சர். இத்தினி வருசமா எனக்குத்தான் மண்டையில ஏறாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நன்றியும் சொன்னேன். இரண்டும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா இவ்வளவு காலம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் என் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு. நூலகத்துல புக்கு இருக்குமான்னு போயி கேக்கலாமா?" என்றாள்.

கேட்டோம். இல்லை. நூலகர் கடலூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். கேள்வியைச் செல்லக்கிளி வகுப்புப் பலகையின் மூலையில் எழுதிவைத்துவிட்டாள். அதற்குக் கீழே 'டீச்சருக்கும் தெரியாது' என்று அவள்தான் எழுதினாள். மறுநாள் தலைமையாசிரியை வந்தபோதும் அது அப்படியே இருந்தது. நான் அழிக்கவில்லை.

இனி தினமும் ஐந்து நிமிடத்தை மாலைவரை மிச்சம் வைத்திருப்பேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்று மாலை ஆறு மணிக்கு நீ கூப்பிடு. அன்றைய ஐந்து நிமிடம் உனக்கு.

உன்
வல்லி